கிளினிக் கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள், வேலையில் பட்ட அடி என்று

வணக்கம் மக்களே, மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் லாரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனைக் குலை (எண்ணெய்ப் பனைக் குலை) ஆலைக்குப் போகிற நேரம். இன்றைக்குச் சமையலும் இல்லை, திருவிழாவும் இல்லை, சொக்சோ, அதாவது வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்கு உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். மலாயில் அதற்குப் பெர்கேசோ என்று பேர், நம் வாயில் இன்னும் சொக்சோதான்.

என் மாமா குலை வெட்டுகிறவர். மட்டை முள் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) என்ன செய்தார் தெரியுமா, பையிலிருந்து ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்டை) எடுத்து, "அண்ணே, சின்ன முள்ளுதானே, கிளினிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்குங்க, ஆபீஸ் வரைக்கும் எதுக்கு" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மாமாவும் போனார், கை வீங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார், கிளினிக் கார்டிலும் கை வீக்கம் என்று மட்டும் எழுதினார்கள். எங்கே, எப்படி என்று ஒரு எழுத்தும் இல்லை. சீழ் வைத்து, விரல் மடங்காமல் போய், அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சொக்சோ ஞாபகம் எல்லாருக்கும் வந்தது. அப்போது சொக்சோவில் கேட்ட முதல் கேள்வி, இது வேலையில் நடந்தது என்பதற்கு என்ன இருக்கிறது?

கூட வெட்டியவர் எழுதிக் கொடுத்தார், அன்றைய பெரட்டில் (காலையில் பேர் பதியும் பட்டியலில்) மாமா பேர் இருந்தது, மண்டோரும் நடந்ததை ஒப்புக்கொண்டார், கடைசியில் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அத்தனை நாளும் வீட்டில் வருமானம் இல்லை.

பலர் என்னிடம் சொல்வது, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிதானே, இதற்குப் போய் ஏன் சொக்சோ படிவம் நிரப்ப வேண்டும் என்று. சிகிச்சைச் செலவு குறைவுதான், சரி. ஆனால் கை கட்டுப்போட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளுக்கு யார் கூலி தருவார்கள்? அடிபட்ட நாளையும் சேர்த்து எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) குறைந்தது 4 நாள் இருந்தால், சொக்சோ உங்கள் தினச் சம்பளத்தில் 80% தருகிறது. மாதம் 1,700 வெள்ளி வாங்குகிறவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 வெள்ளி வரும். இரண்டு மாதம் எம்சி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எம்சி நாட்களில் வேலைக்குப் போய்க் கூலி வாங்காதீர்கள், போன நாளுக்குப் பணம் கிடையாது.

கை பழையபடி வராவிட்டால் அடுத்த கட்டம் இருக்கிறது. மருத்துவ வாரியம் பார்த்து எத்தனை விழுக்காடு இழப்பு என்று முடிவு செய்யும். 20% வரைக்கும் மொத்தமாக ஒரு தொகை, அதற்கு மேல் என்றால் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டு மீதியை மாதாமாதம் ஆயுள் முழுக்க வாங்கலாம். முதல் நாள் கார்டில் "கை வீக்கம்" என்று மட்டும் இருந்தால் இங்கேதான் மாட்டுவீர்கள்.

அதனால் கவுண்டரில் பேர் கொடுக்கும்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள்: வேலை செய்யும்போது, இந்த இடத்தில், இத்தனை மணிக்கு, இப்படி அடிபட்டது. சொக்சோ பட்டியலில் உள்ள பேனல் கிளினிக் என்றாலும் அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலும் வேலை விபத்துக்கான சிகிச்சைச் செலவை சொக்சோ பார்த்துக்கொள்ளும். அவசரத்தில் வேறு கிளினிக்கில் கையிலிருந்து கட்ட நேர்ந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கேட்டு வாங்க அதுதான் வேண்டும். தோட்டத்து டிரெசரிடம் (மருத்துவ உதவியாளரிடம்) முதலில் போனீர்களா, அவர் புத்தகத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், இது சட்டம். கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) இழுத்தடித்தால் அவரோடு சண்டை வேண்டாம், நீங்களோ வீட்டில் ஒருவரோ ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்கு நேரே போய்த் தெரிவிக்கலாம். கேட்கத் தயங்கவும் வேண்டாம். வேலை விபத்துக்கான பங்கை, சம்பளத்தில் 1.25%, முழுக்க முதலாளிதான் கட்டுகிறார். உங்களுக்காகக் கட்டிய காசைத்தான் கேட்கிறீர்கள், யாரிடமும் கையேந்தவில்லை.

சொக்சோவில் நம் பேரே பதியாத காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறோமே அக்கா என்று இரண்டு மூன்று தம்பிகள் கேட்டிருந்தார்கள். முதலாளி பதியாதது அவர் குற்றம், அதற்காக உங்கள் உரிமை போகாது. ஆனால் அங்கே வேலை பார்த்ததைக் காட்டியாக வேண்டும், சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, வங்கியில் வந்த பணம், எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு வெட்டுகிறவர்களுக்கும், முறையான பெர்மிட் இருந்தால், 2019 ஜனவரி 1-லிருந்து வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பலருக்கு இது தெரியாது, பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்தால் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விடியற்காலையில் மோட்டாரில் பேக்டரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேலை முடிந்து திரும்பும் வழியில் விழுந்தாலும் சொக்சோ உண்டு. நடுவில் வண்டியைத் திருப்பிச் சொந்த வேலையாக எங்கேயோ போய் விழுந்தால் அது வேலை விபத்துக் கணக்கில் வராது. போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள், வழக்கமாகப் போகும் பாதையை ஒரு காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், அதையும் கேட்பார்கள். சுங்கை சிப்புட் பக்கம் ராத்திரியில் திறந்திருக்கும் பேனல் கிளினிக் எது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நான் மேலே ஒட்டி வைக்கிறேன்.