பல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, கன்னம் வீங்கி வருகிறவருக்குப் பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசியைப் பல்லின் அருகில் போடாமல், தாடையின் பின்கோடியில் போடுவார். வலிக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ குத்துகிறாரே என்று நோயாளி நினைப்பதில் வியப்பில்லை.

இன்று பரவலாகப் பயன்படும் மருந்து, சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிக்னோகெயின். நரம்புக்குள் சோடியம் அயனிகள் பாய்ந்தால்தான் வலிச் செய்தி மூளைக்குப் புறப்படும். அவை நுழையும் வாயிலை இம்மருந்து உள்பக்கமிருந்து அடைக்கிறது. ஆனால் நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைய, அது மின்னேற்றமற்ற வடிவில் இருக்க வேண்டும். இயல்பான திசுவில் மருந்தின் கால் பங்கு அவ்வடிவில் இருக்கிறது. சீழ் பிடித்த இடமோ அமிலத்தன்மை கொண்டது. அங்கே கார அமில நிலை (pH) 7.4இலிருந்து 6.4 ஆகக் குறைந்தால், நூற்றில் மூன்று பங்குதான் அவ்வடிவில் மிஞ்சும். போதாததற்கு, வீக்கத்தில் பெருகும் இரத்த ஓட்டம் மருந்தை அடித்துச் சென்றுவிடும். ஆகவேதான், நலமான திசுவின் வழியே செல்லும் மூல நரம்பைத் தேடிப் போடுகிறார்கள். அப்படியும் சில வேளைகளில் முழுமையாக மரப்பதில்லை, ஏனெனில் அழற்சியுற்ற நரம்பு எளிதில் அடங்காது. மரத்த பிறகும் பல்லை அசைக்கும் அழுத்தம் தெரியும். அதை வலியென்று எண்ணி அஞ்ச வேண்டாம்.

மரக்கவில்லை என்பதற்காக அளவில்லாமல் ஏற்றவும் முடியாது. பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம். இரண்டு சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதால், 50 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏழரை மில்லிலிட்டர்தான். இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தும் அட்ரினலினைச் சேர்த்தால் வரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை உயரும். வரம்பு மீறினாலோ, மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றாலோ, உதடு மரமரத்து, காது இரைந்து, வலிப்பு வரை போகலாம், இதயமும் தடுமாறலாம். அப்போது சிரை வழியே கொழுப்புக் குழம்பு ஏற்றுவது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை.

“எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லும் பலரை விசாரித்தால், முன்பு ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது என்பார்கள். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. அந்தப் படபடப்பு பெரும்பாலும் அட்ரினலினாலோ, ஊசியைக் கண்ட பயத்தாலோ வந்ததாக இருக்கும்.