பெரியப்பாவும் ஏசி லாரியும்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி பக்கத்துக் கங்கைகொண்டான் சிப்காட் பக்கம், நாற்கரச் சாலையோரம் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதே, அது என் சேக்காளியின் புது லாரி. டயர் லோடு, நாக்பூர் போகிறது. வண்டியும் லோடுமாக மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டும் சரக்கு வண்டி 2025 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து தயாரானால் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்ததல்லவா, அந்த ரக வண்டி.

இதைக் காட்டத்தான் தாழையூத்திலிருந்து பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். கேமரா முன்னால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் கதையையும் நான்தான் சொல்ல வேண்டும்.

1978-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். பெங்களூர் ஏ.எஸ்.சி. சென்டரில் பயிற்சி. ஆர்மி சர்வீஸ் கோர் என்பார்கள். அரிசி, பருப்பு முதல் டீசல் வரை படைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. அங்கே இருபது வருடம் சக்திமான் லாரி. ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் செய்த மூக்கு வண்டி. நம்பர் பிளேட்டில் முதலில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, அதை ஒட்டி வண்டி வாங்கிய வருடம். பட்டாள வண்டியென்றால் இன்றைக்கும் அப்படித்தான்.

அவர் ஓட்டிய வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். ஒரு மிதி நியூட்ரலுக்கு, இன்னொரு மிதி அடுத்த கியருக்கு. கியர் குறைக்கும்போது நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு. நேரம் பிசகினால் பல்லோடு பல் உரசி வண்டியே கத்தும். இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போதுகூட அவர் இடது கால் தரையை இரண்டிரண்டு தடவையாக மிதித்துக்கொண்டிருந்தது. அந்த முட்டிதான் இன்றைக்கும் வலி.

குளிர் இன்னொரு கதை. லடாக் பக்கம் கடுங்குளிரில் டீசலில் இருக்கிற மெழுகு இறுகி, டீசல் கூழாகிவிடும். விடியற்காலையில் டேங்குக்கு அடியில் நெருப்புக் காட்டித்தான் வண்டியைக் கிளப்புவார்களாம். டீசலுக்குப் பக்கத்தில் நெருப்பா என்று கேட்டேன். “தேங்காயெண்ணெய் உறைஞ்சா நீ என்னலே செய்வ?” என்றார். மைனஸ் 33 டிகிரியிலும் இறுகாத டீசலை இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்தது 2019-இல்தான்.

ஆனால் பாருங்கள், இத்தனை பட்டும் அவர் அந்த ஓட்டத்தைக் குறை சொல்வதில்லை. கான்வாயாகப் போவார்கள். பக்கத்தில் கோ-டிரைவர். பொழுது சாயும்போது டிரான்சிட் கேம்ப், வழியில் தங்கிப் போகிற பட்டாள முகாம். இறங்கியதும் மக்கில் சுடச்சுட டீ, பூரி, போர்த்திக்கொள்ளக் கனத்த ரஜாய். ‘நீ தூங்கு’ என்று சொல்வதற்கு ஓர் அதிகாரி இருந்தார் என்கிறார். காஷ்மீரில் பனிஹால் சுரங்கம் வழியாக அவர் ஏறி இறங்கிய ரோடும் இந்த ரோடும் இன்று ஒன்றுதான் மக்களே. தேசிய நெடுஞ்சாலை நம்பர் அப்போது அங்கே 1ஏ, இங்கே 7; இப்போது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லாம் 44.

இந்த ரோட்டில் நம் ஆட்களுக்கு என்ன இருந்தது? கம்பெனி கேபின் இல்லாமல் வெறும் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைத் தரும். நாமக்கல், சங்ககிரிப் பட்டறையில் மரக் கேபின் கட்டுவார்கள். இன்ஜின் சூடு தொடையில் அடிக்கும். அது மாறியது நல்லதுதான். ஏசி போட்டால் டிரைவருக்குத் தூக்கம் வரும் என்று முனகுகிற முதலாளிகள் ஒரு மே மாத மத்தியானம் அந்தப் பழைய கேபினில் கயத்தாறு வரைக்கும் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

காலையில் பெரியப்பாவை உள்ளே ஏற்றினேன். சீட்டை அமுக்கிப் பார்த்தார். கிளச்சை ஒரே மிதி. “வெண்ணெய்லே” என்றார். ஏசிக் காற்றில் கையை நீட்டிச் சிரித்தார். அப்புறம் திரும்பிப் பின்னால் பெர்த்தைப் பார்த்தார். “ரெண்டாம் ஆளு எங்க?”

ரெண்டாம் ஆள் இல்லை, கிளீனரும் இல்லை என்றேன். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று முன்பு விதி இருந்தது, 2018-இல் எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் சொல்கிறது. நாக்பூரில் லோடு இறக்கச் சொன்ன நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டு மணி நேரமெல்லாம் எந்த மூலைக்கு? பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டார்.

மணி ஆறாகிறது. வண்டி கிளம்ப வேண்டிய நேரம். சேக்காளி உள்ளே பெர்த்தில் தூங்குகிறான். எழுப்பலாம் என்று போனேன். பெரியப்பா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, “இன்னும் அரை மணி கெடக்கட்டும்லே” என்கிறார். என்னையும் சத்தமாகப் பேசாதே என்று கை காட்டுகிறார், பாருங்கள். சரி மக்களே, இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.