கப்பலை ரெண்டா வெட்டி ஏரிக்குள்ள கொண்டு வந்திருக்காங்க!

வணக்கம் மக்களே! ஒருவழியா கனடாவுல இருக்கற கிங்ஸ்டன் போய், அங்க மியூசியமா நிக்கற கீவாட்டின்ங்கற பழைய நீராவிக் கப்பலைப் பாத்தாச்சு. ஆனா முதல்ல பார்க்கிங். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! பக்கத்துலயே ஒரு இடம், 20 டாலராம். நான் குடுப்பேனா? தெருத்தெருவா சுத்தி ஒரு மரத்தடில சும்மாவே நிறுத்தினேன். போர்டை ரெண்டு தடவை படிச்சு, போட்டோ வேற எடுத்து வெச்சேன். ஃபைன் கிய்ன் ஒண்ணும் வரல. வீட்டுல இதைச் சொன்னா ஒருத்தரும் கைதட்டல, நீங்களாவது தட்டுங்க.

சரி, கப்பல். 1907ல ஸ்காட்லாந்துல, கோவன்ல கட்டினது. ஓட்டினது கனடியன் பசிஃபிக் ரயில்வே. ரயில் கம்பெனிக்கு எதுக்குக் கப்பல்? டொராண்டோலேர்ந்து ரயில்ல வந்தவங்களை ஏத்திக்கிட்டு ஹ்யூரான், சூப்பீரியர் ஏரிகளைத் தாண்டி இறக்கிவிடும். அங்கேர்ந்து மேற்கே போக மறுபடி ரயில்.

அட்லாண்டிக்கைத் தாண்டி கியூபெக் வந்தாச்சு. அதுக்கு மேல கால்வாய் லாக் (தண்ணியை ஏத்தி இறக்கி கப்பலை மேல கீழ கொண்டு போற கதவு வெச்ச தொட்டி) எல்லாம் சின்னது, இவ்ளோ நீளக் கப்பல் நுழையாது. என்ன பண்ணாங்க? நடுவுல ரெண்டா வெட்டிட்டாங்க, முருங்கைக்காய் மாதிரி! ரெண்டு துண்டையும் தனித்தனியா மேல கொண்டு போய், அமெரிக்காவுல பஃபலோ ஊர்ல ஒட்டினாங்க. அதுக்கப்புறம் 1965 வரைக்கும் ஓடியிருக்கு!

இதைப் போய் 'குட்டி டைட்டானிக்'னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. டைட்டானிக் முதல் பயணத்துலயே மூழ்கிப் போச்சுங்க!

மரப் பலகை அடிச்ச சுவரு, கையால வரைஞ்ச கண்ணாடி வழியா வர வெளிச்சம், எல்லாம் அழகுதான். நமக்கு எஞ்சின் ரூம் போதும். ஒரே நீராவி நாலு சிலிண்டர்ல வரிசையா வேலை செய்யுது. ஒவ்வொண்ணுலயும் அழுத்தம் குறையறதால அடுத்த சிலிண்டர் இன்னும் பெருசு. கடைசி சிலிண்டர் பக்கத்துல நான் பொடிப்பய மாதிரி நிக்கறேன் பாருங்க.

ஆங், ஏன் நிறுத்தினாங்கன்னு சொல்லலையே. 1949ல டொராண்டோ துறைமுகத்துல நோரோனிக்னு இன்னொரு ஏரிக் கப்பல் ராத்திரி தீப்பிடிச்சு, நூத்துக்கும் மேல செத்துட்டாங்க. அப்புறம் தீப் பாதுகாப்பு விதியெல்லாம் ரொம்பக் கெடுபிடி. உள்ளே முழுக்க மரம் வெச்ச கப்பலுக்குக் கஷ்டம்தானே? கூடவே காரும் விமானமும் வந்து ஆளைப் பிடிச்சுக்கிச்சு.

1967ல மிச்சிகன்ல ஒருத்தர் வாங்கி மியூசியமா வெச்சதால பழைய இரும்புக்குப் போகாம தப்பிச்சுது. 2012ல கனடா திரும்பி, 2023ல கிங்ஸ்டன் வந்துச்சு.

எஞ்சின் ரூம் முழு வீடியோ தனியாப் போடறேன். கைடு கூப்பிட்டுக்கிட்டே இருக்கறதும் அதுல கேக்கும், கண்டுக்காதீங்க.