நிலக்கரி ரயில் ஓடிய தடத்தில் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் சுரங்கங்கள் மூடிய பிறகு, நிலக்கரி ரயில் ஓடிய தடங்கள் பலவற்றில் இன்று மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். 1834-ல் திறந்த ஸ்டான்ஹோப்–டைன் ரயில் பாதையின் ஒரு பகுதி, கான்செட்–சண்டர்லாந்து சைக்கிள் பாதைக்குள் வந்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் சுரங்கம் ஏது என்பீர்கள். கண்மாய்க் கரையில் நடைபாதை போடும் பேச்சு எழுகிறதே, அதற்கு அங்குள்ள வேலைமுறை உதவும்.

ரயில் இன்ஜினுக்குச் செங்குத்து ஆகாது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரவி, பெரும்பாலும் 50 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறாதபடி தடம் போட்டார்கள். வயதானவர்களும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். கயிறு கட்டி வண்டி இழுத்த சரிவுகளில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும்.

தண்டவாளத்தை எடுத்தாலே பாதை ஆகிவிடாது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய கட்டைகளில், மரம் மக்காமலிருக்க ஏற்றிய கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும்; அடுப்பில் வைத்தால் புகை நஞ்சு. பல இடங்களில் அடியில் கிடப்பது இன்ஜின் சாம்பல். அதில் தண்ணீர் நன்றாக இறங்கும், ஆனால் டயர் ஓடி ஓடிப் பொடியாகி மழையில் கருஞ்சேறாகும். அதன்மேல், தண்ணீரை விட்டு மண்ணையும் கல்லையும் கலக்காமல் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 150 மி.மீ. உடைகல் பரப்பி உருளை ஓட்டி, மேலே 40 மி.மீ. கிரஷர் டஸ்ட் (கல் தூள்) போட்டு இறுக்க வேண்டும். அகலம் 3 மீட்டர். முற்றத்துக்குக் கொத்தனார் பார்ப்பதுபோல வாட்டம் பார்க்க வேண்டும்: நடு, ஓரத்தைவிட 4 செ.மீ. உயரம்.

கெடுவது பெரும்பாலும் மேட்டை வெட்டிப் போன இடங்களில். ரயில் ஓடியவரை ஓரக் கால்வாயைத் தூர்வாரினார்கள். நின்றதும் இலை மக்கி, வேர் இறங்கி அடைத்துக்கொண்டது. தண்ணீர் பாதைக்கு ஏறியதும் மேலே மேலே கல் கொட்டுவார்கள், அதுவும் அமுங்கும். கால்வாயைத் தோண்டி, பழைய வடிகால் குழாயின் வாயைக் கண்டுபிடித்த பிறகே கல்லுக்குச் செலவழிக்கலாம்.

சுரங்கக் கழிவு கொட்டி எழுப்பிய கரைகளில் வேறொரு தொல்லை. மிச்சமுள்ள கரி உள்ளுக்குள் பற்றிக்கொண்டு புகையும். அங்கே புதரைக் கொளுத்தவே கூடாது.

நம் ஊரில் வெறும் கிராவல் போட்டால் ஐப்பசி மழையில் கரைந்தோடும், கோடையில் புழுதி பறக்கும். வரத்துக்காலைப் பாதை கடக்கும் இடத்தில் குழாய் சிறுத்தால் தண்ணீர் எக்கி, பாதையை அறுத்துக்கொண்டு போகும். கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கின்மேல் மண்ணிட்டு உயர்த்தவே வேண்டாம். வழிய இடமில்லாத தண்ணீர் கரையை உடைக்கும்.

நுழைவாயிலில் 1.5 மீட்டர் இடைவெளியில் கல் நட்டால் கார் வராது, சக்கர நாற்காலி போகும். பைக்கும் போகும்தான். அதைத் தடுக்கக் குறுக்குக் கம்பி போட்டால் நாற்காலிக்காரர்தான் வாசலில் நிற்பார். பைக்குக்கு ஆள் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.