பச்சையும் பொன்னும்

நேயர்களுக்கு வணக்கம். மான்செஸ்டர் யுனைடெட் என்றால் சிவப்புச் சட்டைதான் நம் கண்ணில் நிற்கும். அந்தக் கால்பந்துக் கழகம் பிறந்தபோது நிறமும் வேறு, பெயரும் வேறு.

1878ஆம் ஆண்டு, மான்செஸ்டரின் நியூட்டன் ஹீத் பகுதி. லங்காஷயர் அண்டு யார்க்ஷயர் ரயில்வேயின் பணிமனையில் பெட்டிகளும் வேகன்களும் செய்துவந்த தொழிலாளர்கள் ஒரு கால்பந்து அணியைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயரே அணியின் பெயர். சட்டை பச்சையும் பொன்னும். மைதானம் நார்த் ரோட்டில். உடை மாற்ற அங்கே ஓர் அறைகூட இல்லை. சற்றுத் தள்ளி, ஓல்டம் ரோட்டில் இருந்த 'த்ரீ கிரவுன்ஸ்' மதுக்கடையில் மாற்றிக்கொண்டு தெருவழியே நடந்து வரவேண்டும்.

1892இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில், அதன் முதல் பிரிவில் இடம் கிடைத்தது. மறு ஆண்டே பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு மாறினார்கள். முன்னேற்றம் என்று நினைத்துவிடாதீர்கள்! பக்கத்தில் ரசாயனத் தொழிற்சாலை. அதன் புகை ஆடுகளத்தின் மேல் வந்து கவியும். தரை அதைவிட மோசம். 1895இல் வால்சால் அணியினர் வந்தார்கள். தரையைப் பார்த்துவிட்டு, ஆடும் முன்பே முறையிட்டார்கள். மணலைக் கொட்டி ஒப்பேற்றி ஆடியதில் நியூட்டன் ஹீத் 14-0 என்று வென்றது. லீக் அந்த ஆட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. மறுபடியும் ஆடினார்கள், இந்த முறை 9-0. வால்சால்காரர்கள் முறையிட்டதில் மிச்சம் ஐந்து கோல்தான்.

வெற்றியால் கடன் அடையுமா? 1902 ஜனவரியில் கடன் 2,670 பவுண்டு. கழகத்தைக் கலைக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவும் வந்துவிட்டது. அணித்தலைவர் ஹாரி ஸ்டாஃபோர்டு பணம் தேடி அலைந்தார். நிதி திரட்டும் சந்தையிலிருந்து அவருடைய செயின்ட் பெர்னார்டு நாய் காணாமல் போனதாகவும், அதை வைத்தே மதுபான ஆலை முதலாளி ஜான் ஹென்றி டேவிஸ் அறிமுகமானதாகவும் ஒரு கதை உண்டு. நாய்க்குக் கிடைத்த புகழில் பாதியாவது ஸ்டாஃபோர்டுக்குக் கிடைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். டேவிஸும் இன்னும் மூவரும் ஆளுக்கு 500 பவுண்டு போட்டார்கள். ஏப்ரலில் புதுப் பெயர், சிவப்புச் சட்டை. 'மான்செஸ்டர் சென்ட்ரல்' என்ற பெயரும் பேச்சில் இருந்ததாம். ரயில் நிலையம் போல ஒலிக்கிறது என்று தள்ளிவிட்டார்களாம், அதுவும் ரயில்வேக்காரர்கள் தொடங்கிய கழகத்தில்!

2010இல் உரிமையாளர்கள் கழகத்தின் மேல் ஏற்றிய கடனை எதிர்த்த ரசிகர்கள், கழகத்தின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்குப் பச்சையும் பொன்னுமான கழுத்துத் துண்டுகளோடு வந்தார்கள்.