மீன் வாடை அடிக்கும் சொந்தம்

(கோத்தகிரியில் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் மலைப்பாதை ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் எனக்கு மனம் ஆறாது. இந்த வட்டத்தின் ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. இன்று காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். நூலகர் அம்மாதான் நான் கேட்ட பழைய புத்தகங்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தவர். இருவருக்கும் என் நன்றி.

சரி, பேச்சுக்கு வருகிறேன். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, பின்லாந்தின் பின்னிஷ், ஹங்கேரியம், வட ஐரோப்பாவின் சாமி போன்ற மொழிகள் ஒரே குடும்பம், அதாவது யூராலியக் குடும்பம் என்று தெரிந்துகொண்ட கதை. இரண்டு, அந்தக் குடும்பத்துக்குச் சைபீரியாவின் கிழக்கிலும் அலாஸ்காவிலும் பங்காளிகள் உண்டா என்பது. மூன்று, இதற்கும் நம் மலைமொழிகளுக்கும் என்ன தொடர்பு என்பது.

'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்பது என் பாட்டி அடிக்கடி சொன்ன பழமொழி. மொழிகளின் உறவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

1769 ஜூன் 3ஆம் தேதி வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப் போகிறது. உலகமே அதை அளக்கத் தயாராகிறது. டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்தியான், வியன்னாவில் இருந்த மாக்சிமிலியன் ஹெல் என்ற வானியலாளரை அழைக்கிறார். ஹெல் இயேசு சபைத் துறவி. துணைக்கு யானோஷ் ஷாய்னோவிச் என்ற ஹங்கேரியத் துறவியைக் கூட்டிக்கொள்கிறார். 1768 ஏப்ரலில் கிளம்பியவர்கள் கோபன்ஹேகன், திரோன்ஹைம் என்று தரையிலும் கடலிலுமாக அலைந்து, நார்வேயின் வடகோடியில் உள்ள வார்தோ தீவுக்கு அக்டோபரில் போய்ச் சேர்ந்தார்கள். நினைத்துப் பாருங்கள், ஆறு மாதப் பயணம்! போய்ச் சேர்ந்ததும் சூரியனே வராத குளிர்காலம். அதைக் கழித்து, சூரியனே மறையாத கோடைக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாளும் வந்தது, கூடவே மேகமும் வந்தது. ஓராண்டுக்கும் மேலான உழைப்பு போயிற்று என்று அவர்கள் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! ஆனால் வேண்டிய நேரத்தில் மேகம் விலகியது. கண்டார்கள், குறித்துக்கொண்டார்கள்.

அது வானத்தின் கதை. அந்தப் பனிப்பிரதேசத்தில் கலைமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழும் சாமி என்னும் மக்களின் மொழியையும் ஷாய்னோவிச் ஆராய்ந்தார். அவருடைய ஹங்கேரியத்துக்கும் சாமிக்கும் இருந்தது காதில் விழுந்தவுடன் புரிந்துவிடும் அளவுக்கு நெருங்கிய உறவு அல்ல, பல்லாயிரம் ஆண்டுப் பிரிவு. சொல் சொல்லாக எடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. மீனுக்கு ஹங்கேரியத்தில் 'ஹல்', வட சாமியில் 'குஒல்லி', பின்னிஷில் 'கலா'. மூன்று என்ற எண் ஹங்கேரியத்தில் 'ஹாரோம்', பின்னிஷில் 'கொல்மே'. அ, ஒ போன்ற உயிரொலிகளுக்கு முன் பின்னிஷில் ககரம் வரும் இடத்தில் ஹங்கேரியத்தில் ஹகரம் வருகிறது. ஒரு சொல்லில் வந்தால் தற்செயல், வரிசையாக வந்தால் உறவு. 1770இல் ஷாய்னோவிச் தன் நூலைக் கோபன்ஹேகனில் வெளியிட்டார்.

ஊரில் பாராட்டுவார்கள் என்று எண்ணியிருப்பார். ஹூணர் தலைவன் அட்டிலாவின் வாரிசுகள் என்று மார்தட்டிக்கொண்டிருந்த ஹங்கேரியப் பிரபுக்களுக்கு மீனவர்களோடு உறவா என்று கோபம் வந்தது. 'மீன் வாடை அடிக்கும் சொந்தம்' என்று ஏளனப் பேச்சே கிளம்பியது. தசை ஆடியது, அவர்கள்தான் ஆட மறுத்தார்கள்! 1799இல் ஜார்மதி என்பவர் இலக்கணத்தை வைத்து அந்த உறவை இன்னும் உறுதியாக நிறுவினார்.

அப்புறம் இரண்டாவது செய்தி. 1818இலேயே டேனிய அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க், கிரீன்லாந்து மொழிக்கும் பின்னிஷுக்கும் இலக்கண ஒற்றுமை இருக்கிறதே என்று கவனித்தார். கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் வாழும் மக்களின் 'இனுயித்' என்ற பெயரையே பாருங்கள். ஒருவர் 'இனுக்', இருவர் 'இனூக்', பலர் 'இனுயித்'. பின்னிஷிலும் ஒரு மீன் 'கலா', பல மீன் 'கலாத்'. பன்மைக்கு அங்கேயும் தகரம், இங்கேயும் தகரம். இருவருக்கென்று தனி விகுதி சைபீரியாவின் மான்சி மொழியிலும் உண்டு, அதுவும் யூராலியம்தான். 'யார்' என்பதற்கு ஹங்கேரியத்தில் 'கி', கிரீன்லாந்தில் 'கினா'. கிழக்குச் சைபீரியாவின் யூககிர் மொழியில் 'நான்' என்பது 'மெத்', 'நீ' என்பது 'தெத்'. பின்னிஷில் 'நான்' என்பது 'மினா', ஹங்கேரியத்தில் 'நீ' என்பது 'தெ'. 1998இல் மொழியியலாளர் மைக்கேல் ஃபோர்ட்டெஸ்க்யூ இவற்றையெல்லாம் சேர்த்து யூரல்-சைபீரியக் குடும்பம் என்று முன்வைத்தார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள சுக்சி-கம்சாத்கா மொழிகளையும் முதலில் சேர்த்தார், பிறகு அவரே விலக்கினார். தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்ட அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சாமி இனத்தைச் சேர்ந்த மொழியியலாளர் அந்தே அய்கியோ 2014இல் யூககிர்-யூராலியச் சொல் ஒற்றுமைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பல தற்செயல், பல அண்டையில் வாழ்ந்த, யூராலியக் குடும்பத்தின் சைபீரியக் கிளையான சமோயெதியரிடம் கடன் வாங்கியவை, பொது மூதாதைக்குச் சான்று போதாது என்றார். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தாலும் சொல் கைமாறும் அல்லவா? பிரதிப்பெயர் ஒற்றுமை இன்னும் என்னை இழுக்கிறது. ஆனால் சொற்கள் விஷயத்தில் அவர் பக்கம்தான் கனம் அதிகம்.

நான் இங்கே வந்து நிற்கும் காரணமே இந்த இடம்தான். கடனா, பிறப்புரிமையா என்று பிரித்தறிய ஒவ்வொரு சமோயெத மொழியும் கையில் வேண்டும். அவற்றில் மாதோர் மொழி 19ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. பயணிகள் எழுதிவைத்த சொற்பட்டியல்கள்தான் மிச்சம். இன்னொன்றான காமாஸ் மொழியைப் பின்லாந்து மொழியியலாளர் காய் தோன்னர் 1912லும் 1914லும் போய் எழுதினார். பிறகு அது செத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1960களில் சைபீரியாவில் கிளாவ்தியா புளோத்னிகோவா என்ற ஒரு மூதாட்டி அதைப் பேசுவது தெரிந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் போன பிறகும், கடவுளிடம் அந்த மொழியிலேயே பிரார்த்தித்துக் காப்பாற்றி வைத்திருந்தாராம். தசை ஆடுவது என்றால் இதுதான்! எஸ்தோனிய அறிஞர்கள் ஒலிப்பதிவு செய்தார்கள். 1970இல் தல்லின் மாநாட்டுக்கும் அவரை அழைத்துவந்தார்கள். 1989இல் அவர் மறைந்தார், அவர் குரல் இருக்கிறது.

இனி மூன்றாவது செய்தி. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட, அவர் 'சித்தியம்' என்றழைத்த கூட்டத்தோடு இணைத்தார். 1940களில் மொழியியலாளர் பர்ரோ திராவிட, யூராலிய உடலுறுப்புச் சொற்களை ஒப்பிட்டார். இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. ஆனால் நாளை யாராவது மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் தமிழ் மட்டும் போதாது, கோத்தாவும் தோடாவும் இருளமும் வேண்டும். 1930களில் மொழியியலாளர் எமனோ இந்த மலையில் தங்கிக் கோத்தாவையும் தோடாவையும் எழுதிவைத்தார். இந்த ஊரின் பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டிகளின் பேச்சை நம் மாவட்ட நூலகத்தில் கேட்க முடிகிறதா? நான்கு ஆண்டுகளாக மனு எழுதுகிறேன். ஒலிப்பதிவுக்கு ஓர் அறை, ஒரு கருவி, மலைமொழி தெரிந்த ஒரு பிள்ளைக்குச் சம்பளம். கேட்டது இவ்வளவுதான், பதில் வரவில்லை.

அதனால் பிள்ளைகளே, உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கைப்பேசி போதும். ஒரு பெரியவர், அவர் சம்மதம், ஒரு மணி நேரப் பேச்சு. வீடு, மாடு, காடு, சடங்கு, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசட்டும். ஊர், நாள், வயது குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். நூலகர் அம்மா ஒரு கணினியை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலருகே மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன். மனுவும் அங்கேதான் இருக்கிறது. மழை விட்டதும் கிளம்புவதற்கு முன் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள்.