கனவு இல்லை அண்ணே, கடன்!

நடுவர் அவர்களுக்கு வணக்கம். அவைக்கு வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம். வணக்கம் முடிந்தது.

'கால்பந்து கிளப்புக்குப் புது மைதானம்: கனவா, கடனா?' இதுதான் தலைப்பு. நாங்கள் கடன் கட்சி. வரிசையாகக் காரணம் அடுக்கலாம் என்றுதான் மேடை ஏறினேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "இந்தக் கடன் கட்சிக்காரங்க ஆட்டம் பாக்க டிக்கெட் வாங்குறவங்க இல்ல, தூணைப் பாக்க டிக்கெட் வாங்குறவங்க. பழைய கேலரியில தூணுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, பந்து எங்க போச்சுன்னு பக்கத்து சீட்டைக் கேப்பாங்க!" நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நடுவர் ஐயா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. இப்போது அந்தத் தூணைப் பற்றிப் பேசாமல் நான் கீழே இறங்கினால் எங்கள் அணித் தலைவர் என்னை விடமாட்டார்.

அண்ணே, அந்தத் தூண் என்ன தாங்குகிறது என்று என்றைக்காவது அண்ணாந்து பார்த்தீர்களா? ஐப்ராக்ஸ், குடிசன் பார்க், ஓல்ட் டிராஃபோர்டு என்று பிரிட்டனில் பாதி மைதானங்களுக்கு வரைபடம் போட்டவர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். அவர் தூண் வைத்தது தெரியாத்தனத்தால் அல்ல. கீழ்த்தளத்துக்காரர் தலைக்கு நேர் மேலே மேல்தளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதனால் மாடியில் உட்கார்ந்தவனும் ஆடுகளத்தின் விளிம்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தான். அந்த மாடியையும் அதன் மேலுள்ள கூரையையும் தாங்கத்தான் தூண்.

இப்போது அண்ணன் ஆசைப்படி தூணைப் பிடுங்கிவிடுவோம். கூரையைப் பின்பக்கத்திலிருந்து மட்டும் பிடித்து முன்னால் நீட்ட வேண்டும். நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால், பிடிக்கிற இடத்தில் விழும் வளைவு விசை நான்கு மடங்காகும். எடை கீழே இழுப்பது போதாதென்று காற்று கீழிருந்து கூரையைத் தூக்கப் பார்க்கும், அதற்கும் பின்னால் நங்கூரம் போட வேண்டும். இரும்பு டன் கணக்கில் ஏறும். மாடியும் முன்போல் கீழ்த்தளத்தின் மேல் முழுதாக வந்து நிற்க முடியாது, சில வரிசைதான் நீளும். மற்றதெல்லாம் பின்னால் போகும், மேலே போகும்.

அடுத்து வரிசை. பழைய கேலரியில் ஒரு வரிசையின் ஆழம் 70 செ.மீ. இருந்தாலே பெரிது. புதியதில் 80 வைப்பார்கள். முழங்கால் இடிக்காது, நல்லதுதான். ஆனால் 50 வரிசைக்கு 10 செ.மீ. வீதம் கூட்டிப் பாருங்கள், கடைசி வரிசைக்காரர் 5 மீட்டர் பின்னால் போய்விட்டார்.

பிறகு பார்வைக் கோடு. மைதானம் வரைகிறவர்கள் இதை 'சி' மதிப்பு என்பார்கள். உங்கள் கண்ணிலிருந்து ஆடுகளத்தின் பக்கவாட்டுக் கோட்டுக்கு ஒரு கயிறு கட்டினால், அது உங்களுக்கு முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதுதான் கணக்கு. 6 செ.மீ. என்றால் தேறும். 9 என்றால் நல்லது. 15 இருந்தால் முன்னால் தொப்பிக்காரர் உட்கார்ந்தாலும் கவலையில்லை. இந்த 'சி'யைக் கூட்ட வேண்டுமானால் ஒவ்வொரு படியையும் உயர்த்த வேண்டும். படிக்கு 3 செ.மீ. உயர்த்தினாலே ஐம்பதாவது வரிசை ஒன்றரை மீட்டர் மேலே போகும். இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. சரிவு 34, 35 டிகிரியைத் தாண்டினால், கோல் விழும்போது எழுந்து குதிக்கிறவர் முன் வரிசையில் போய் விழுவார்.

இதெல்லாம் போகட்டும். உண்மையான வில்லன் இனிமேல்தான் வருகிறார். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் கண்ணாடி போட்ட பெட்டி வரிசை பார்த்திருப்பீர்கள். பணக்கார விருந்தினருக்கான பாக்ஸ். ஒரு தளம் குறைந்தது 3 மீட்டர் உயரம். சில இடத்தில் இரண்டு தளம் வைப்பார்கள். அப்படியானால் மேல்தளத்துக்காரர் மொத்தமாக 6 மீட்டர் வானத்துக்குப் போய்விட்டார். இப்போது சொல்லுங்கள், தூணை எடுத்தது யாருக்காக? பழைய மைதானத்தில் தூண் சிலருக்குத்தான் பார்வையை மறைத்தது. அந்த டிக்கெட்டிலேயே 'பார்வை மறைக்கும் இடம்' என்று அச்சடித்து விலை குறைத்துக் கொடுத்தார்கள். புது மைதானத்தில் யாருக்கும் எதுவும் மறைக்கவில்லை அண்ணே. ஆனால் பந்து கடுகு அளவுக்குத் தெரிகிறது, அதற்கு முழு விலை!

(கைதட்டலை மிச்சம் வையுங்கள், டார்லிங்டனுக்கு வேண்டும்.)

வெஸ்ட் ஹாம் கிளப் 2016-இல் தன் பழைய மைதானத்தை விட்டு லண்டன் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போனது. ஓட்டப் பந்தயத் தடத்தைச் சுற்றிக் கட்டிய அரங்கம். அங்கே தூண் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தூரப் பிரச்சினை தீரவில்லை, ரசிகர்கள் வருடக்கணக்காகப் புலம்பினார்கள்.

லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்பைச் சொல்லி அண்ணன் மார்தட்டினார். ஒத்துக்கொள்கிறேன், அழகான மைதானம். தெற்குக் கேலரியில் 17,500 பேர் ஒரே சரிவில், நெருக்கமாக. ஆனால் விலை ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. 2018-இல் திறக்க வேண்டியது, முக்கியப் பாதுகாப்பு அமைப்புகளில் கோளாறு என்று தள்ளிப்போனது. புது மைதானத்தில் கடைசி நாற்காலியைப் பொருத்திவிட்டால் மறுநாள் ஆட்டம் வைக்க முடியாது. சோதனை ஆட்டம் நடத்தி, கூட்டத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்துக் காட்டினால்தான் பாதுகாப்புச் சான்று. அவர்கள் அப்படி இரண்டு சோதனை ஆட்டம் நடத்தி 2019 ஏப்ரல் 3 அன்றுதான் திறந்தார்கள். அதுவரை வெம்பிளி அரங்கத்தில் வாடகைக்கு ஆட்டம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, குடிபோகாத வீட்டுக்கு வட்டி கட்டுகிற கதை. மைதானக் கடனின் கோளாறே அதுதான். பணம் முதல் நாளே வெளியே போகும், வருமானம் திறந்த பிறகுதான் உள்ளே வரும். நடுவில் நடக்கிற ஒவ்வொரு மாதத் தாமதமும் இரண்டு பக்கமும் அடிக்கும்.

ஸ்பெயினின் வலென்சியா கிளப்பைக் கேளுங்கள். 'பழைய மெஸ்தாயா மைதானத்து நிலத்தை விற்போம், அந்தக் காசில் புதிய மெஸ்தாயா கட்டுவோம்.' கேட்க எவ்வளவு சுலபம்! 2007-இல் வேலை ஆரம்பித்தது. 2008-இல் நில விலை சரிந்தது. பழையதை வாங்க ஆள் இல்லை, புதியதை முடிக்கக் காசு இல்லை. 2009-இல் வேலை நின்றது. கான்கிரீட் எலும்புக்கூடு பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படியே நின்று, 2025-இல்தான் மறுபடி வேலை தொடங்கியது. தூணே இல்லாத மைதானம் கேட்டவருக்கு, தூண் மட்டும் உள்ள மைதானம்!

சரி, டார்லிங்டன்.

வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரம். அதன் கிளப் நான்காவது நிலை லீகில் ஆடியது. நான்காவது நிலை, நன்றாகக் கவனியுங்கள். ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வருவார்கள். ஃபீதம்ஸ் என்ற பழைய மைதானம் அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு முதலாளி கிளப்பை வாங்கினார். புது மைதானம் கட்டினார். எத்தனை இருக்கை? 25,000. என்ன சிரிக்கிறீர்கள், இன்னும் திறக்கவே இல்லை. உள்ளே பளிங்குத் தரை. மேலே ஏற எஸ்கலேட்டர். மைதானத்துக்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்டார்.

2003 ஆகஸ்டில் திறப்பு ஆட்டம். ஊரே திரண்டு வந்தது. திரண்டு வந்தும் 11,600 பேர். திறப்பு விழா அன்றைக்கே பாதிக்கு மேல் காலி! ஆட்டமும் 0-2 தோல்வி. அடுத்தடுத்த வாரங்களில் ஊர் பழைய கணக்குக்கே திரும்பியது. 2,000 பேர் வந்தால் ஒருவருக்குப் பன்னிரண்டு நாற்காலி. கால் நீட்ட ஒன்று, கோட்டு வைக்க ஒன்று, குடை வைக்க ஒன்று, மீதி ஒன்பதில் என்ன செய்வான் மனிதன்? பிரிட்டனின் மைதானப் பாதுகாப்புக் கையேடு ஒரு சுழல்வாசலில் மணிக்கு 660 பேர் நுழையலாம் என்கிறது. 25,000 பேருக்கு 38 சுழல்வாசல் வேண்டும். 2,000 பேருக்கு நாலு போதும். மீதி முப்பத்து நாலு வாசலில் யார் நுழைவார்கள்? காற்று நுழையும்!

காலி நாற்காலி சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது சாப்பிடும். விளக்குக் கம்பத்துக்கு, 'பாதிப் பேர்தான் வந்திருக்கிறார்கள், பாதி வெளிச்சம் போதும்' என்று சொல்ல முடியுமா? புல்லுக்குச் சொல்ல முடியுமா? தண்ணீர்க் குழாய், தீ எச்சரிக்கை, வருடாந்தரச் சோதனை, கூரைப் பராமரிப்பு, எல்லாம் முழு அளவில்தான். கேலரிகளைப் பூட்டி, ஆட்களை ஒரே பக்கம் உட்கார வைத்தால் காவல் ஆள் செலவு கொஞ்சம் குறையும். கட்டிடச் செலவு குறையாது. அந்த எஸ்கலேட்டர்? கூட்டமே இல்லாத மாடிக்குக் கூட்டமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்திருக்கும் பாவம்.

ஆகஸ்டில் திறந்தது, டிசம்பரிலேயே கிளப் கடன் தாங்காமல் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. மறுபடி 2009-இல். மறுபடி 2012-இல். மூன்றாவது தடவையில் மைதானத்தை விட்டே வெளியே வந்தார்கள். ஃபீதம்ஸுக்குத் திரும்பலாம் என்றால் அதை இடித்தாகிவிட்டது. ரசிகர்கள் சேர்ந்து நான்கு நிலை கீழே புதிதாகத் தொடங்கி, பக்கத்து ஊரான பிஷப் ஆக்லாந்தில் மைதானத்தைப் பகிர்ந்துகொண்டு ஆடினார்கள். 25,000 இருக்கையில் ரக்பி கிளப் குடிவந்தது. 'மைதானம் கட்டினால் கிளப் வளரும்' என்றார் அண்ணன். அங்கே மைதானம் கெட்டியாக நிற்கிறது அண்ணே. கிளப்தான் காணாமல் போனது!

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இங்கிலாந்தின் எவர்டன் கிளப் 2023-24 பருவத்தில் இழந்த புள்ளிகளைப் பற்றியும், அந்த வழக்கில் மைதானக் கடன் வட்டியை எப்படிக் கணக்கெழுதுவது என்று நடந்த தகராறைப் பற்றியும் எங்கள் அணித் தலைவர் பேசுவார். எனக்கு ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். கிழக்கு பெர்லினுக்குப் போக வேண்டும்.

யூனியன் பெர்லின். காட்டோரத்தில் ஒரு பழைய மைதானம், பெரும்பாலும் நின்று பார்க்கும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு இடிந்துகொண்டிருந்தது. லீக் அதிகாரிகள் 'சரிசெய்யாவிட்டால் அனுமதி இல்லை' என்றார்கள். கிளப்பிடம் காசு இல்லை. ரசிகர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். 2008, 2009-இல் 2,000 பேருக்கு மேல், ஏறக்குறைய 1,40,000 மணி நேரம், கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். படி உடைத்தார்கள், கான்கிரீட் போட்டார்கள், நெரிசல் தடுப்புக் கம்பி நட்டார்கள், கூரை ஏற்றினார்கள். அதே இடம், அதே மரங்கள். 'அவர்களே இப்போது பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறார்களே' என்று அண்ணன் கேட்பார். போடட்டும், அதுவும் அதே இடத்தில்தான்.

அந்தக் கிளப் 2019-இல் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் நிலை லீகான பண்டஸ்லீகாவுக்கு ஏறியது. ஆகஸ்ட் 18, முதல் ஆட்டம். ரசிகர்கள் கையில் பெரிய பெரிய புகைப்படங்களோடு வந்தார்கள். அப்பா படம், தாத்தா படம், கூடவே நின்று ஆட்டம் பார்த்த நண்பனின் படம். இந்த நாளைப் பார்க்காமலே செத்துப்போனவர்கள். 455 படங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 22,467 என்று கிளப் அறிவித்தது. உயிரோடு வந்தவர்கள் 22,012 பேர். மீதி 455? அவர்களையும் எண்ணிக்கொண்டார்கள் ஐயா! 'எங்க அப்பா வந்திருக்காரு' என்று ஒரு மகன் சொன்னால், 'ஆமாம், வந்திருக்காரு' என்று கணக்கெழுதிய கிளப் அது. அந்தப் படங்களைத் தூக்கிய கைகளில் எத்தனை கை, பத்து வருடத்துக்கு முன்னால் அதே படிக்கு கான்கிரீட் குழைத்த கையோ!

அன்று யூனியன் 0-4 தோற்றது. தலைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அண்ணன் கண்ணே கலங்கியிருக்கிறது, இங்கிருந்து தெரிகிறது. நடுவில் தூண் எதுவும் இல்லை பாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்புக்குக் கை எண்ணும்போது அந்த 455-ஐயும் எங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.